கோழியின் எச்சத்தைக் கவனியுங்கள்

தை, மாசியில் கரிசல் காட்டு வெள்ளாமை களத்துக்கு வந்துவிடும். சிந்திய தானியத்தைப் பொறுக்கிக் கோழிகள் கொழுக்கும் காலம் அது. கோவில்பட்டி வட்டார மானாவாரி விவசாயிகளின் வீடுகளில் அவசரச் செலவுக்குக் கைகொடுப்பவை இந்த நாலைந்து கோழிகள்தாம். வெயில் ஏறத் தொடங்கும் அதே காலத்தில்தான் ‘வெள்ளைக் கழிச்சல்’ எனப்படும் ராணிக்கெட் நோயும் மிகுதியாகத் தாக்குகிறது.

எது நலம், எது நோய்?

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரில் போக வேண்டிய கழிவே எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிகிறது. ஆகவே, கெட்டியான எச்சத்தின் மேல் சிறிது வெள்ளை தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எச்சம் நீர்த்து, வெள்ளையாகவோ பச்சை கலந்தோ கழிந்தால் உஷாராக வேண்டும். இரை எடுக்காமல் இறகைச் சிலிர்த்து உறங்குவது, வாய் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகிக்கொள்வது, கால், இறக்கை விழுந்துவிடுவது ஆகியவை மற்ற அறிகுறிகள்.

சிறு குஞ்சுகளின் ஆசனவாயில் சுண்ணாம்புபோல் எச்சம் ஒட்டியிருந்தால் அது பாக்டீரியாவால் வரும் வேறு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டியே முடிவு செய்ய வேண்டும்.

கழிச்சல் கண்டபின்

ராணிக்கெட் வைரசால் வருவது. அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடும். நோயுற்றதை உடனே தனியே பஞ்சாரத்தில் அடைக்கவும். கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடக் கூடாது. அது அடுத்த ஊருக்கும் நோயை அனுப்புவதாகும். செத்த கோழியை ஓடையில் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

வருமுன் காப்பு

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்வது நல்லது. நலமாக உள்ள கோழிகளுக்கே தடுப்பூசி போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். பிடிபடாத நாட்டுக்கோழிகளுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தும் உண்டு.

பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர்தோறும் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அன்று விடியுமுன் கோழிகளைத் திறந்து விடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள். உங்கள் வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது. தெருவில் எல்லாக் கோழிகளும் ஒன்றாகத்தானே மேய்கின்றன!