பாசி படர்ந்த ஏரி

தில்லியின் தென்பகுதியில் ஹவுஸ் காஸ் ஏரி உள்ளது. அலாவுதீன் கில்ஜி (1296–1316) தாம் அமைத்த சிரி கோட்டை நகரின் நீர்த்தேவைக்காக இதனை வெட்டுவித்தார். பின்னர்த் தூர்ந்துபோன ஏரியைப் ஃபிரோஸ் ஷா துக்ளக் (1351–1388) தூர்வாரிச் செப்பனிட்டார். காலப்போக்கில் மீண்டும் வறண்ட அவ்வேரியில், அண்மைக் காலத்தில் தூய்மைப்படுத்திய கழிவுநீர் விடப்பட்டது. ஏரி நிறைந்தது, ஆயினும் நீர் பச்சையாயிற்று. ஏன்?

தூய்மைப்படுத்திய பின்னும் அந்நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகள் எஞ்சியிருக்கும். அவையே பாசிக்கு உணவு. பெருகிய பாசி மடிந்து மட்கும்போது, நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திவிடுகின்றன. மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன. ஆகவே, பாசியை அள்ளுவது மட்டும் போதாது. அதன் உணவையும் குறைத்தல் வேண்டும். இதற்கெனச் சரளைக்கல்லும் நீர்த்தாவரங்களும் கொண்ட செயற்கைச் சதுப்புநிலமும், மிதக்கும் தாவரத் தீவுகளும் இங்கு அமைக்கப்பட்டன. தாவரங்களின் வேர்கள் அச்சத்துகளை உறிஞ்சிக்கொள்கின்றன.

வீட்டுத் தோட்டக் குளத்திற்கும் இந்நெறியே பொருந்தும். அல்லி, தாமரை இலைகள் வெயிலை மறைத்துப் பாசியைக் கட்டுப்படுத்தும். மீன்களுக்கு அளவோடு உணவிடுக. உதிர்ந்த இலைகளை அகற்றுக. வடிகட்டியின் சரளைக்கற்களில் வாழும் நுண்ணுயிரிகள், மீன்கழிவிலுள்ள நச்சுத்தன்மையுடைய அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதனைத் தாவரங்கள் உண்கின்றன. குளோரின் கலந்த குழாய்நீரில் அக்கற்களைக் கழுவினால் அந்நுண்ணுயிரிகள் மடியும். எனவே, குளத்துநீரிலேயே அலசுதல் நன்று.

சிந்தித்து விடையளிக்க:
1. பாசி பெருகினால் மீன்கள் இறப்பது ஏன்?
2. உம் பகுதியிலுள்ள நீர்நிலையைக் காக்க இரண்டு வழிகள் கூறுக.