அரைச்சாலும் கிடைக்காத தங்கம்

அடி அண்ணாமலையில இருந்து பேசுறேன். நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்துல இருந்து நிறைய பேர் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனாங்க. 2001-ல மூடின அந்தச் சுரங்கத்தோட சாம்பியன் ரீஃப்ல, தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸ் கல்லுக்குள்ள தனித் துகளா இருந்தது. கல்லை அரைச்சா வெளிய வந்துடும்.

எல்லாத் தங்கமும் அப்படி இல்லை. லட்டுல முந்திரியைப் பொறுக்கி எடுத்துடலாம், சர்க்கரையை? பைரைட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தங்கம் அந்தச் சர்க்கரை மாதிரி.

பைரைட்னா இரும்பும் கந்தகமும் சேர்ந்த படிகம். சில கந்தக அணுக்களோட இடத்துல ஆர்செனிக் உட்கார்ந்தா, படிக அமைப்பு கொஞ்சம் கோணிக்கும். அந்தக் கோணல்ல தங்கம் அணு அணுவா நுழைஞ்சுக்கும். அளவு மீறினா நானோ துகளா திரளும். 2021-ல ஆஸ்திரேலியாவோட கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூணாவது இடத்தையும் காட்டினாங்க: படிகம் நெளியும்போது உண்டாகுற நானோ அளவு பிசகுகள்.

எவ்வளவு அரைச்சாலும், சயனைடு கரைசலால இந்தத் தங்கத்தைத் தொட முடியாது. படிகத்தையே சிதைக்கணும். அதுக்கு வறுக்கலாம், உயர் அழுத்தத்துல ஆக்சிஜன் செலுத்தலாம், பாக்டீரியாவை விட்டுத் தின்ன வைக்கலாம்.

வறுத்தா, தங்கத்துக்குக் கதவு திறந்த அதே ஆர்செனிக் புகையா கிளம்பும். கனடாவோட ஜயன்ட் சுரங்கத்துல அப்படித்தான் வறுத்தாங்க. தங்கம் எப்பவோ வித்துப் போச்சு. 2,37,000 டன் ஆர்செனிக் ட்ரையாக்சைடு தூள் மட்டும் பூமிக்கடியில தங்கிடுச்சு.

அதனால, ஒரு டன் பாறையில இத்தனை கிராம் தங்கம்னு யாராவது சொன்னா, இன்னொரு கேள்வியும் கேளுங்க: அது முந்திரியா, சர்க்கரையா?