பவளம்: ஒரு பெயர், இரண்டு உயிர்

நகைக்கடையில் "பவளம்" என்று கேட்டால் சிவப்பு மணியை எடுத்துக் காட்டுவார்கள். செய்தித்தாளில் "மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பாதிப்பு" என்று வந்தால் கடலடிப் படம் போடுவார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே பவளம்தானா? அந்தப் பாறையை உடைத்தால் இந்த மணி கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நம்ம சொல்லே அப்படித்தான் அமைந்துவிட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் வாங்க.

இரண்டு வாசல் வழியாக வந்த சொல்

வடமொழியில் பிரவாளம் என்றால் முதல் பொருள் தளிர், இளங்குருத்து. கடலுக்கடியில் கிளைவிட்டு வளரும் சிவப்புப் பொருளைப் பார்த்தவர்கள் அதையும் அதே பெயரால் அழைத்தார்கள். இச்சொல் பிராகிருதத்தில் "பவாள" ஆகி, தமிழில் பவளம், பவழம் ஆனது. தெலுங்கில் பகடம், கன்னடத்தில் ஹவளம், மலையாளத்தில் பவிழம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சிங்களத்தில் "பபளு" என்றால் பாசிமணி.

வேடிக்கை என்னன்னா, பிற்பாடு அதே சொல் பிரவாளம் என்ற முழு உருவத்திலும் தமிழுக்குள் வந்தது. ஒரே மென்பொருளின் இரண்டு வெர்ஷன் ஒரே கணினியில் இருக்கிற மாதிரி. மணிப்பிரவாளம் என்ற பெயரில் இருப்பது இந்த இரண்டாவது வெர்ஷன். மணியையும் பவளத்தையும் ஒரே சரத்தில் கோத்தது போல இரு மொழிகளைக் கலந்து எழுதும் நடை அது.

தமிழுக்கு இதுபோக வேறு பெயர்களும் உண்டு. துகிர், துப்பு, துவர் மூன்றுமே பவளத்தைக் குறிக்கும். இதில் துவருக்கும் துப்புக்கும் சிவப்பு என்ற பொருளும் இருக்கிறது. வடமொழி தளிரைப் பார்த்தது, தமிழ் நிறத்தைப் பார்த்தது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். பவளமல்லிப் பூவையே எடுத்துக்குங்க. பூ வெள்ளை, காம்பு மட்டும் செம்மஞ்சள். அந்தக் காம்பை வைத்துத்தான் பெயரே.

செடியா, கல்லா, பூச்சியா?

பவளத்தைச் செடி என்று நினைத்தது நாம் மட்டும் இல்லை. வித்துருமம் என்ற இன்னொரு வடமொழிப் பெயருக்குள் மரம் இருக்கிறது. நம்ம நாடக மேடையில் அர்ஜுனன் தேடிப்போன பவளக்கொடியின் பெயரிலேயே கொடி இருக்கிறது. மெடூசாவின் வெட்டுண்ட தலை பட்ட கடற்பாசி இறுகிப் பவளமானது என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் கதை சொன்னார். 1706-இல் மார்சிலி என்ற இத்தாலியர், உயிருள்ள பவளத்தைக் கடல்நீரில் வைத்தபோது எட்டு இதழ் கொண்ட குட்டிப் "பூக்கள்" விரிந்ததைக் கண்டார். செடி என்பது உறுதியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மார்செய் நகர மருத்துவர் பெய்ஸொனெல்தான், அவை பூக்கள் அல்ல, சின்னச் சின்ன விலங்குகள் என்று 1720-களில் சொன்னார். பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. இருபது வருஷம் போல ஆனது அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்த 1739-இல்கூட, அவர்கள் ஊரில் பவளம் செடிதான்!

எந்தக் கடல் பவளம்?

நகைக்கான செம்பவளத்தின் பழைய தாயகம் மத்தியதரைக் கடல். இது வெளிச்சம் குறைந்த இடங்களிலும் கடற்குகைகளிலும் வளரும். வளர்ச்சி ரொம்ப மெதுவு, தண்டின் தடிப்பு வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கூடாது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, முசிறியில் வந்து இறங்கும் சரக்குகளில் பவளத்தையும் எழுதியிருக்கிறது. ரோமானியர் முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்கிறார் பிளினி.

கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே போனால் தரங்கம்பாடி, அதையும் தாண்டினால் பூம்புகார். அந்தத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களை அடுக்கும் பட்டினப்பாலை, பவளத்தைக் கீழைக்கடலுக்கு உரியதாகச் சொல்கிறது. மேற்கே விளையும் பொருள் கிழக்குக் கடலுக்கு எப்படிப் போனது?

என் வாசிப்பு இது. பூம்புகாரில் நிற்பவனுக்குக் கடல் என்றாலே கிழக்குதான். சரக்கு எங்கே விளைந்தது என்பதைவிட எந்தப் பக்கத்திலிருந்து கரைக்கு வந்தது என்பதே அவன் கண்ணுக்குத் தெரியும். தூரத்துப் பொருள் என்பது சங்கப் புலவர்களுக்குத் தெரியாததும் அல்ல. புறநானூற்றின் 218-ஆம் பாடலில் கண்ணகனார், பொன்னும் பவளமும் முத்தும் மணியும் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் பிறந்தாலும் ஒரே நகையில் சேர்ந்துவிடுகின்றன என்று சொல்லி, அதைச் சான்றோர் நட்புக்கு உவமையாக்குகிறார்.

இந்த வணிகம் பிறகும் நிற்கவில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய யூத வணிகர்கள் மத்தியதரைப் பவளத்தைச் சென்னைக்கு அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். மண்ணடியில் இருக்கும் பவளக்காரத் தெரு அந்தக் காலத்து மிச்சம்.

பாறையில் ஒட்டிய பெயர்

இப்போது இன்னொரு பவளத்துக்கு வருவோம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளைச் சுற்றி இருப்பது திட்டு கட்டும் பவளம். இதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும். பாசிக்கு வெயில் வேண்டும், அதனால் தெளிந்த, ஆழமில்லாத கடல் வேண்டும். அரசலாறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் எங்கள் காரைக்கால் கரையில் இது வளராததற்குக் காரணம் அதுதான். உயிரோடு இருக்கும்போது பழுப்பு, பச்சை என்று பல நிறம். செத்தால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நகைக்கு உதவாது.

கடலோர மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை. அவர்களுக்குக் கடலடித் திட்டு என்றால் "பார்". அந்தக் கல் "முருகைக்கல்". இலங்கைப் பாடநூல்களில் இன்றைக்கும் முருகைக்கற்பாறை என்றுதான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நாம் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தோம். ஆங்கிலத்தில் கோரல் என்ற ஒரே சொல் நகைக்கும் திட்டுக்கும் பொது. அந்தப் பொதுமையும் சேர்ந்தே தமிழுக்குள் வந்துவிட்டது.

ஒரு பெயர்தானே, என்ன போச்சு என்று கேட்கலாம். பவளப்பாறை என்ற சொல்லின் முதல் பாதி நகையை நினைவூட்டுகிறது, இரண்டாம் பாதி உயிரில்லாத கல்லை. உயிர் என்பது எந்தப் பாதியிலும் இல்லை. ஒருகாலத்தில் அந்தத் திட்டுகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், வீடு கட்டினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் அந்தக் கற்களை இன்றும் பார்க்கலாம். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் திட்டு கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலி இருக்கும் அதே அட்டவணை. சட்டத்துக்கு அது உயிர் என்று தெரிகிறது. நம்ம சொல்லுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறி, நுண்பாசிகள் வெளியேறி, திட்டுகள் வெளிறிப் போயின. வெளிறுவது என்றால் சாயம் போவது இல்லை. உணவு தருபவன் வீட்டை விட்டுப் போய், உள்ளே எலும்பு தெரிவது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். "பாறை வெளிறியது" என்று படிப்பவருக்கு இதில் எது புரியும்?

பவளம் என்ற சொல் நகைக்கும் மல்லிக்கும் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கும் இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. கடலுக்கடியில் இருப்பதற்கு முருகை என்ற நல்ல சொல் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. அடுத்த முறை மன்னார் வளைகுடா பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்திப் பாருங்கள். "அது என்ன முருகை?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது, அது ஒரு உயிர் என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.