பக்கெட்டுக்குப் பல் கட்டுகிறார்கள்

அமெரிக்காவில் ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் வாங்கும் குபோட்டா, ஜான் டீர் போன்ற சிறு டிராக்டர்களின் முன்பக்கம் ஒரு லோடர் இருக்கும். நம் ஊர் ஜேசிபி மண் தோண்டும் பக்கெட்டில் இருப்பதுபோன்ற பல் அதன் பக்கெட்டுக்குப் பெரும்பாலும் கிடையாது. விளிம்பு நேராகத்தான் இருக்கும். குவித்துவைத்த மண்ணை அள்ளவும் சரளையைப் பரப்பவும் அது போதும். இறுகிப்போன களிமண்ணில் இறக்கினால் சக்கரம்தான் சுற்றும், பக்கெட் உள்ளே போகாது.

அதற்குத்தான் பல்பட்டை. கனத்த இரும்புப் பட்டையில் வரிசையாகப் பற்கள். அதைப் பக்கெட் விளிம்பில் செருகி, இரு பக்கச் சுவரிலும் போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். தாத்தாவின் பல்செட் மாதிரி, வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

48 அங்குல விளிம்பு முழுக்கப் பரவும் தள்ளுவிசை, ஒன்றரை அங்குல முனையுள்ள ஏழு பற்களுக்கு வந்தால் பத்தரை அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. மண்மேல் அழுத்தம் நான்கு மடங்குக்கும் அதிகம். ஆனால் டிராக்டரின் பலம் இம்மியும் கூடவில்லை. இதை மறந்தவர்கள்தான் மரத்தின் அடிக்கட்டையில் ஓரப்பல் ஒன்றை மட்டும் மாட்டி நெம்பி, லோடரின் கையை முறுக்கிக்கொள்கிறார்கள்.

வாங்குமுன் அளக்க வேண்டியது உள்அகலம். விற்பனைப் பட்டியலில் இருப்பது வெளிஅகலமாகவும் இருக்கலாம். அதை நம்பி வாங்கினால் பட்டை உள்ளே இறங்காது. டேப்பை மேலே பிடிக்காமல், விளிம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். சுவரும் அடித்தகடும் சேரும் மூலையில் வெல்டிங் மேடு இருந்தால் அதற்கும் இடம் விட வேண்டும். அல்லது பட்டையின் மூலையைக் கிரைண்டரில் கொஞ்சம் சீவலாம். விளிம்பின் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பற்களின் பிளவுக்குள் ஆடாமல் பொருந்தியாக வேண்டும். தேய்ந்த முனையை மட்டும் பின்னைத் தட்டிக் கழற்றி மாற்றும் வகை கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது.

மாட்டும்போது பக்கெட் தரையில் இருக்கட்டும், எஞ்சின் நிற்கட்டும். தூக்கிய லோடருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பட்டையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் துளைக்குக் குறியிட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான்: தள்ளும் பாரம் முழுவதையும் விளிம்புதான் தாங்க வேண்டும், போல்ட்டின் வேலை பட்டை நழுவாமல் பிடிப்பது மட்டுமே. பட்டை ஒட்டி உட்காராவிட்டால் பாரமெல்லாம் போல்ட்டுக்கு வந்துவிடும். முதலில் சிறிய பிட்டில் துளைத்து, பிறகு பெரிய பிட். எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்து, பொறுமையாகப் போட வேண்டும்.

பல்லை நிரந்தரமாக வெல்டு வைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நான் வைக்க மாட்டேன். கடினப்படுத்திய எஃகு விளிம்பு, முன்கூட்டிச் சூடேற்றாமல் வெல்டு வைத்தால் விரிசல் விடலாம். தவிர, வீட்டுப்பாதையின் சரளையைச் சமன்செய்யும் நாளில் பல் போன இடமெல்லாம் கோடு கோடாகக் கீறிக்கிடக்கும்.

முதல் நாள் வேலை முடிந்ததும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், பட்டை விளிம்போடு ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றி, இடைவெளியை அடைத்துவிட்டுத்தான் மறுபடி மண்ணில் இறக்க வேண்டும்.