பாதைக்கும் உண்டு ஓர் உரிமை

வெள்ளிக்கிழமை நண்பகல். பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை எழுகின்றது. சேலம் கோட்டைப் பகுதியிலும், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களிலும் கடையை அடைத்தும் தறியை நிறுத்தியும் மக்கள் ஜும்ஆவுக்குப் புறப்படுகின்றனர். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், பழைய மிதிவண்டியைக் கைவிடாத பெரியவர்களும் பள்ளிச் சீருடை அணிந்த சிறுவர்களும் அவர்களிடையே உளர். குத்பா தொடங்கிவிடுமே என்ற பதற்றத்தில் ஒருவர் சிவப்பு விளக்கைக் கடக்கின்றார். மற்றொருவர் எதிர்த்திசையிலேயே மிதித்து வருகின்றார். "தொழுகைக்காகத்தானே விரைகின்றேன், இதில் என்ன தவறு?" என்று அவர் உள்ளம் சமாதானம் சொல்லிக் கொள்கின்றது.

அன்பு வாசகர்களே! அந்தச் சமாதானம் சரிதானா என்பதை மார்க்கத்தின் ஒளியில் சற்றே சிந்திப்போம்.

ஜும்ஆவுக்கு அழைக்கப்படும்போது வணிகத்தை விட்டு இறைவனை நினைவுகூர விரையுமாறு திருமறையின் 62ஆவது அத்தியாயம் பணிக்கின்றது. உண்மையே. ஆனால், அந்த விரைவு உள்ளத்தின் விரைவே அன்றிக் கால்களின் ஓட்டம் அன்று என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். இகாமத் செவியில் விழுந்த பின்னரும் ஓடி வருதல் கூடாது; அமைதியோடும் கண்ணியத்தோடும் வர வேண்டும்; கிடைத்ததை இமாமுடன் தொழுது, தவறியதைப் பின்னர் நிறைவு செய்ய வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. இகாமத்துக்காக ஓடுவதற்கே அனுமதி இல்லையெனில், பாங்குக்காகச் சிவப்பு விளக்கை மீறுவதற்கு அனுமதி எங்கிருந்து வரும்?

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் ஹஜ்ஜை எண்ணிப் பாருங்கள். அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபாவை நோக்கி மாபெரும் மக்கள் திரள் நகர்கின்றது. பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் அரவம் கேட்கின்றது. அண்ணலார் திரும்பித் தம் சாட்டையால் சைகை காட்டி, நன்மை என்பது விரைந்தோடுவதில் இல்லை என்று உணர்த்தி, அமைதி காக்கப் பணித்தார்கள். தம் ஒட்டகமாம் கஸ்வாவின் தலை சேணத்தைத் தொடுமளவு கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகின்றது. நெரிசலில் நிதானமாகச் சென்று, இடம் அகன்றபோது விரைந்தார்கள் என்று மற்றோர் அறிவிப்பு கூறுகின்றது. ஆம்! புனிதப் பயணத்திலும் சாலையொழுக்கம் கற்பித்த மார்க்கம் நம்முடையது.

பாதைக்கும் உரிமை உண்டு என்று அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். வழியோரம் அமர்வோர் பார்வையைத் தாழ்த்த வேண்டும். பிறருக்குத் தொல்லை தரலாகாது. ஸலாமுக்கு மறுமொழி கூற வேண்டும். நன்மையை ஏவித் தீமையைத் தடுக்க வேண்டும். அசையாது அமர்ந்திருப்பவனுக்கே இத்துணைக் கடமைகள் என்றால், சக்கரத்தின் மீதேறிச் செல்பவனுக்கு எத்துணைக் கடமைகள்!

"சட்டங்கள் எல்லாம் மோட்டார் வண்டிகளுக்கே, மிதிவண்டியால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்போர் உண்டு. அது சரியன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் எந்த வாகனத்தை ஓட்டினும் குற்றம் என்கின்றது. ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நம் மார்க்கச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. பொதுவழியில் செல்லும் உரிமை யாவர்க்கும் உண்டு. ஆயினும் பிறருக்குத் தீங்கு நேராமை என்னும் நிபந்தனையோடு கூடியதே அவ்வுரிமை என்று ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா வகுத்துள்ளது. சவாரி செய்பவன், தன் விலங்கு மிதித்து விளைத்த சேதத்திற்குப் பொறுப்பாவான். 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், மார்க்கத்திற்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமையே என்று தீர்மானித்தது.

நம் வட்டாரத்தின் நிலையைக் காண்போம். நாற்பத்துநான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்திலிருந்து நாமக்கல் வழியே தெற்கே செல்கின்றது. கொச்சி நோக்கிய சாலை சங்ககிரி வழியே மேற்கே செல்கின்றது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளும் நிறைந்த பூமி இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரவுப் பணி முடிந்து விளக்கின்றி வரும் ஒரு மிதிவண்டியைக் கண்டு, ஓட்டுநரின் கால் பிரேக்கில் படுவதற்குள் அந்த ஒரு வினாடி கழிந்துவிடுகின்றது.

"பெரிய வண்டிக்காரர் அல்லவா கவனமாக இருக்க வேண்டும்?" எனலாம். ஐயமில்லை, வலியவரின் பொறுப்பே பெரிது. லாரி ஓட்டும் சகோதரர்கள் இதை மறக்கலாகாது. எனினும் அவருடைய கடமை நம் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது. "சாலை நடுவில் திறப்பு வெகு தொலைவில் உள்ளதே, எதிர்த்திசையில் வராமல் என்செய்வது?" என்று ஏழைத் தொழிலாளி கேட்பதும் நியாயமே. திறப்பையும் சுரங்கப் பாதையையும் அதிகாரிகளிடம் ஊரார் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். அதுவரை, இறங்கி ஓரமாகத் தள்ளிச் செல்வதே வழி. இறங்கி நடப்பதால் எவருடைய கண்ணியமும் குறைவதில்லை.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. குறுக்கே பாய்ந்த ஒருவரைக் காப்பதற்காக மோட்டார் சைக்கிளில் வந்தவர் வண்டியைத் திருப்புகின்றார் எனக் கொள்வோம். பாய்ந்தவர் கீறலுமின்றிப் பள்ளிவாசலை அடைந்து விடுகின்றார். பின்னால் விழுந்தவரின் கால் முறிந்தது அவருக்குத் தெரியாது. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்கு இழைத்ததையோ அம்மனிதனே மன்னிக்க வேண்டும் என்று கற்றிருக்கின்றோம். முகமும் பெயரும் அறியாத அந்த மனிதரை எங்கே தேடுவது? எவரிடம் மன்னிப்புக் கோருவது? தொழுதுவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்புபவர், தீர்க்க இயலாத ஒரு கடனையும் சுமந்தல்லவா திரும்புகின்றார்!

ஆகவே பெற்றோரே! 2001இல் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த அரசின் திட்டத்தால், மேனிலைப் பள்ளி மாணவர் பலருக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கின்றது. பிள்ளையிடம் சாவியைக் கொடுக்குமுன் பிரேக் கட்டையையும் மணியையும் பாருங்கள். முன்னே விளக்கும் பின்னே சிவப்பு ஒளிர்வில்லையும் பொருத்துங்கள். இடப்புறமே செல்லவும், திரும்புமுன் கைகாட்டவும், மூவர் ஏறாதிருக்கவும் பழக்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு போதித்த நபியின் உம்மத் அல்லவா நாம்! விளக்கில்லாத இருளில் விதியின் மீது பாரத்தைப் போடுவது தவக்குல் ஆகாது.

பாதையிலிருந்து தீங்கு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றார்கள் அண்ணலார். முள்ளையும் கல்லையும் அகற்றும் நாமே பாதையில் ஒரு முள்ளாகிவிடலாகாது. இன்றைய ஜும்ஆவுக்குக் கால் மணி முன்னதாகவே புறப்படுவோம், நிதானமாகச் செல்வோம். நம்மால் எவருக்கும் தீங்கு நேராத பயணத்தையும், நலமாக இல்லம் திரும்பும் பேற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.