உங்களுக்குத் தெரியுமா? சீனத்து மூலிகையும் நம் கம்பம் பள்ளத்தாக்கும்

● பழநி நவபாஷாண முருகனைச் செய்தவர் என்று நம்பப்படும் போகர், சீனாவுக்குப் போய் வந்தவர் என்கிறது ஒரு மரபு. அவரே சீனர்தான் என்கிறது இன்னொன்று. பெரியகுளத்துக்காரர்களுக்குப் பழநி என்பது கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம்தான். போகர் கதை எப்படியோ, சுக்கு, லவங்கப்பட்டை, அதிமதுரம் மூன்றும் சீன வைத்தியரின் அலமாரியிலும் உண்டு, தேனி நாட்டு மருந்துக்கடையிலும் உண்டு.

● சீன வைத்தியரும் சித்த வைத்தியரும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தே நாடி பார்க்கிறார்கள். சித்தத்தில் ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது வழக்கம். சீனத்தில் இரண்டு கையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு விரலும் ஒவ்வோர் உள்ளுறுப்பைச் சொல்லும் என்பது அவர்கள் கணக்கு.

● நாடி மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது சித்தத்தின் முறையே அல்ல. நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், ஸ்பரிசம், நாடி என்று எண்வகைத் தேர்வு இருக்கிறது. காலைச் சிறுநீரை அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் அசையாமல் வைத்து, ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெயை மெல்ல விடுவார்கள். எண்ணெய் பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போல வளைந்தால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம். இத்தனை கேள்வியும் சோதனையும் இல்லாமல், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பவரிடம் யோசித்துத்தான் போக வேண்டும்.

● 2015-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற சீனப் பெண் விஞ்ஞானி தூ யூயூ, மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது கண்ணில் பட்டது. சூடுதான் சத்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது அப்படித்தான். எதைக் கொதிக்க வைப்பது, எதைப் பச்சையாக அரைப்பது என்பதும் மருந்தின் பாதி. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை நம் வீடுகளில் பச்சையாக அரைத்து மோரில் கலக்குவதும் இந்த வகை அறிவுதான்.

● ஆனால் அந்தக் கீழாநெல்லிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். கண் மஞ்சளாவது கல்லீரல் அழற்சியாலும் இருக்கலாம், பித்தப்பைக் கல் குழாயை அடைத்ததாலும் இருக்கலாம். வயல் தண்ணீரில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கல் அடைப்பைக் கீழாநெல்லி எடுக்காது. எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் தாமதமானால் சிறுநீரகம் பழுதாகலாம். கூடலூரிலும் சின்னமனூரிலும் நாற்று நடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

● மூலிகையில் ஆள்மாறாட்டம் நடந்தால் என்ன ஆகும்? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பெரும்பாலும் பெண்கள். பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், சீன மொழியில் பெயர் ஒத்துப்போகும் இரண்டு வேர்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொட்டலத்தில் ஏறியிருந்தது. ஏறியதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது.

● இதை நாம் தூரத்து ஊர்ச் செய்தியாக விடக் கூடாது. அதே அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள் இரண்டு நம்மிடம் இருக்கின்றன: வயல் வரப்பில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையும், வேலியில் ஏறும் ஈஸ்வரமூலியும். வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அரிஸ்டோலோகிக் அமிலமுள்ள செடிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்பது இதற்குப் பதில் ஆகாது. ஏனென்றால் பாதிப்பு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். பாம்பு கடித்தவரை எந்த இலையும் அரைக்காமல், விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

● சேராங்கொட்டை, நேர்வாளம், எட்டி, குன்றி, நாபி, கலப்பைக் கிழங்கு: இவை மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலில் சித்த மருத்துவத்தின் கீழ் இருப்பவை. இவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். கலப்பைக் கிழங்கு என்பது நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்குதான். உயிரைக் கொல்லும். அதிலிருக்கும் கோல்சிசினை அளவோடு கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து.

● நாபியைச் சீனரும் பயன்படுத்துகிறார்கள், உப்பு நீரில் ஊறவைத்து, வெகுநேரம் வேகவைத்த பிறகு. நம்மவர்கள் நச்சு நீங்கச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். இரண்டு நாட்டு வைத்தியரும் இந்தக் கவனத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

● மா ஹுவாங் என்ற செடியைச் சீன வைத்தியர்கள் இரைப்புக்கும் சளிக்கும் அளந்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் அதன் சாரத்தை இளைப்பதற்கு விற்றார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வந்த பிறகு, 2004-ல் அங்கே துணை உணவாக விற்கத் தடை வந்தது.

● "அண்ணே, சுகருக்கு ஏதாச்சும் குடுங்க" என்று நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, வெந்தயம் கலந்த பொடி கைக்கு வந்துவிடும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தைத் தினமும் மெல்லும் ரத்தக் கொதிப்புக்காரருக்கு அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

● மூட்டுவலிக்கு ஒரே நாளில் கேட்கும் பேரில்லாப் பொடி கிடைத்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது, சீன மருந்திலும் இந்திய மருந்திலும், பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

● கஷாயமாகக் காய்ச்சும் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான் என்கிறது சித்த மருத்துவம். காலையில் காய்ச்சிய நிலவேம்புக் குடிநீரை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிப்பது வீண். நிலவேம்புக் குடிநீரில் சேருபவை 9 சரக்கு, கபசுரக் குடிநீரில் 15.

● மேகமலையும் அதையொட்டிய காடுகளும் 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போய் மூலிகைச் செடி பிடுங்குவது குற்றம்.

● சிங்கப்பூரில் சீன வைத்தியர்களைப் பதிவு செய்ய 2000-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 2020-ன் தேசிய இந்திய மருத்துவ முறை ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா-ரிக்பா நான்கையும் சொல்கிறது. சீன மூலிகை வைத்தியம் அதில் இல்லை. ஆகவே தேனியிலோ போடியிலோ யாராவது சீன மூலிகை டாக்டர் என்று போர்டு மாட்டினால், எங்கே படித்தார், எந்தப் பதிவு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

● சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ். படித்தவர். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இவர்களை உருவாக்குகிறது. பரம்பரை வைத்தியர் என்பது மட்டும் மருத்துவம் பார்க்கத் தகுதியாகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பரம்பரை அறிவின் மதிப்பு இதனால் குறையவில்லை. நோயாளியின் உயிருக்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

● அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தா பிரிவு இருக்கிறது. மருந்து இலவசம். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலத்தையும், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, மருத்துவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.