இரவை எண்ணாத செடி

குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் விதைத்த கஞ்சாச் செடிகள், நாலு இலை விட்டதுமே பூத்துவிடுகின்றன. அதே விதையைக் கோடையில் தோட்டத்தில் போட்டால் ஆளுயரம் வளர்ந்த பிறகுதான் பூக்கிறது. பாரிஸில் இந்தப் புதிரைக் கையில் எடுத்தவர் ஜூலியன் தூர்நுவா என்ற தாவரவியலாளர். 1912 முதல் ஒளி நேரத்தைக் குறைத்துப் பார்த்து, பகல் குறுகுவதைவிட இரவு நீள்வதே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1914இல் முதல் உலகப் போரில் இறந்துபோனார். பகல் நீளம் பூப்பை ஆள்கிறது என்ற கண்டுபிடிப்பின் புகழ், 1920இல் புகையிலையையும் சோயாவையும் ஆராய்ந்து எழுதிய அமெரிக்கர்கள் கார்னருக்கும் ஆலார்டுக்கும் போனது. தூர்நுவாவின் பெயர் பாடநூல்களில் இன்னும் பெரிதாக வரவேண்டும் என்பது என் எண்ணம்.

செடி இரவை எப்படி அளக்கிறது? இலையில் பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அதன் வடிவம் மாறும்; இருளில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செடியின் 24 மணி நேர உயிர்க்கடிகாரம் இந்தச் சேதியைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறது. இருள் போதிய நேரம் இடைவிடாமல் தொடர்ந்தால், இலையில் எஃப்டி என்னும் புரதம் உருவாகி, புளோயம் குழாய் வழியே குருத்துக்குப் போகிறது. அங்கே இலை விட வேண்டிய குருத்து பூ விடத் தொடங்கும். நடு இரவில் சற்று நேரம் விளக்கு எரிந்தாலே இந்தக் கணக்கு குலைந்துபோகலாம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் முதலில் 18 மணி நேரம் விளக்கு எரியவிட்டுச் செடியை வளர்த்து, பிறகு 12 மணி நேரமாகக் குறைத்துப் பூக்க வைப்பது இதனால்தான்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு கஞ்சா, ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் களையாக வளர்ந்து கிடந்தது. 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் அதற்குக் கன்னாபிஸ் ருடராலிஸ் என்று பெயர் வைத்தார். குட்டைச் செடி, சிறிய விதை. முற்றியதும் விதை தானாக உதிர்ந்துவிடும். இது தனி இனம்தானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகம். இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் செடி பூத்து விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். காத்திராமல் பூத்தவற்றின் விதைதான் மறு ஆண்டுக்கு மிஞ்சியது.

இந்தக் குணத்தைப் பிற கஞ்சா வகைகளோடு கலந்து எடுத்தவையே ஆட்டோஃப்ளவர் வகைகள். முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் இரண்டு மெல்லிய வெள்ளை இழைகள் எட்டிப் பார்க்கும். அவை பெண் பூவின் சூலகமுடிகள். விளக்கு 12 மணி நேரம் எரிந்தாலும் 18 மணி நேரம் எரிந்தாலும், இரவெல்லாம் அணையாமல் எரிந்தாலும்கூட, அவை ஏறக்குறைய அதே வாரத்தில்தான் வரும்.

அப்படியானால் ஒளி நேரம் எதற்கு? செடியின் உடம்புக்கு. இந்தச் செடி ஒளியைச் சேதியாகக் கேட்காவிட்டாலும் உணவாக்கிக்கொள்கிறது. 12 மணி நேரம் மட்டும் ஒளி பெற்றது, உரிய நாளில் பூத்தாலும் மெலிந்து நிற்கும். 18, 20 மணி நேரம் பெற்றது தடித்துக் கிளைக்கும். சாதாரணக் கஞ்சா வேர் அடிபட்டு வாடினால், நீண்ட பகலைக் கொடுத்து இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து தேற்றலாம். ஆட்டோஃப்ளவருக்கு அந்தத் தவணை கிடையாது. வாடிய உடம்போடே பூத்துவிடும்.

இரவுக்குக் காத்திராமல் பூக்கும் இந்தக் குணம் ஒரு ஒடுங்கு பண்பு. சாதாரணச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை இரவுக்குக் காத்திருக்கும். அவற்றைத் தமக்குள் கலந்தால் நான்கில் ஒன்று காத்திராமல் பூக்கும். அண்மை ஆய்வுகள் இதற்குக் காரணமாக, உயிர்க்கடிகாரத்தோடு தொடர்புடைய பிஆர்ஆர்37 என்ற மரபணுவில் நேர்ந்த பிழையைக் காட்டுகின்றன.

எனக்கு வியப்பூட்டியது, சோளத்திலும் இதே கதை நடந்திருப்பதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன சோளம், அங்குள்ள நீண்ட கோடைப் பகலில் பூக்காமல் உயர்ந்துகொண்டே போனது. முந்திப் பூத்த செடிகளை உழவர்கள் பொறுக்கி விதைத்தார்கள். அந்தச் சோளங்களில் பழுதுபட்டிருந்தது பிஆர்ஆர்37 என்று 2011இல் தெரியவந்தது. நெல்லிலும் இதன் உறவு மரபணு பூக்கும் காலத்தில் தலையிடுகிறது. நம் பழைய சம்பா ரகங்கள் முன்கூட்டி நட்டாலும் இரவு நீளும்வரை கதிர் விடாதவை. 1966இல் வந்த ஐஆர்8 பகல் நீளத்தைப் பார்க்காது. எந்தப் பட்டத்தில் நட்டாலும் ஏறக்குறைய 130 நாளில் அறுவடைக்கு வரும்.

நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் ஹெம்ப் என்ற கஞ்சா வகைகளிலும் இப்போது ஆட்டோஃப்ளவர் குணத்தைச் சேர்க்கிறார்கள். வடக்கு ஐரோப்பிய ஹெம்பைச் சென்னை போன்ற இடத்தில் விதைத்தால், மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தாண்டாததால், தண்டு நீளும் முன்பே பூத்துவிடும். விதைக்காக வளர்ப்பவர்களுக்கு ஆட்டோஃப்ளவர் ஏற்றது: எந்த ஊரிலும் குட்டையாக நின்று, சொன்ன நாளில் முற்றும். நாருக்கு அது உதவாது. நாருக்கு நீளத் தண்டு வேண்டும். அதை வளர்க்க இந்தச் செடி பொறுத்திருப்பதில்லை.